பவர் கொடுத்தவர் இறந்த பிறகு கிரயம் செய்யலாமா?

வணக்கம் சார். மனை உரிமையாளர் போன மாதம் இறந்துவிட்டார், ஆனாலும் பதிவு செய்த பவர் (தன் சார்பில் விற்க உரிமையாளர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம்) இருப்பதால் தானே கிரயம் செய்து தருவதாக, அதை வாங்கிய ஏஜென்ட் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். 1872 ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் இறந்ததும் பவர் முடிந்துவிடும்; பதிவு செய்திருந்தாலும் அப்படித்தான். ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தால் மட்டும் 202ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அதைப் பவர் பத்திரத்தைப் படித்து வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

உயில் இல்லையென்றால் இனி விற்க வேண்டியவர்கள் வாரிசுகள். வாரிசுச் சான்று கேளுங்கள். இந்துக் குடும்பம் என்றால் மனைவி, மகன்கள் மட்டுமல்ல, இறந்தவரின் அம்மாவும் கல்யாணமாகிப் போன மகள்களும் கையெழுத்திட வேண்டும். மகள்களைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு வழக்கு வருகிறது. அப்புறம், மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.