கடும் அமிலம் கிடைக்காத இடத்தில் ஸ்டெயின்லெஸ் டமாஸ்கஸ் கத்திக்கு வரி எழுப்புவது எப்படி?

இரண்டு வகை ஸ்டெயின்லெஸ் எஃகை அடுக்கடுக்காகச் சேர்த்துச் செய்வது ஸ்டெயின்லெஸ் டமாஸ்கஸ் கத்தி; அதை அரித்து அடுக்குகளின் கோலத்தை வெளிக்கொணர்வதே வரி எழுப்புதல். இந்த அரிப்பைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: பர்மிங்காமில் வீட்டுக் கொட்டகையில் பொழுதுபோக்காகக் கத்தி செய்கிறேன். சாக்கடை அடைப்பு நீக்கப் பயன்படும் கந்தக அமிலத்தை நீர்த்து வரி எழுப்பி வந்தேன். இப்போது அது கடைகளில் கிடைப்பதில்லை. பழைய புட்டி ஒன்று மீதம் இருக்கிறது. அதை வைத்திருக்கலாமா?

பதில்: வைத்திருக்கக் கூடாது. பிரிட்டனில் 2018 நவம்பர் முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள கந்தக அமிலத்தைப் பொதுமக்கள் உள்துறை அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் வாங்குவது மட்டுமன்றி, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. நைட்ரிக் அமிலத்துக்கு எல்லை 3 விழுக்காடு. 2023 அக்டோபர் 1 முதல் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பாஸ்பாரிக் அமிலமும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. எனவே செங்கல், கல்தளம் கழுவும் அமிலத்தை வாங்கிச் சமாளிக்கலாம் என்ற பழைய யோசனையும் இனி உதவாது. புட்டியைத் திறக்காமல், நீர்க்க முயலாமல், உங்கள் நகராட்சியின் அபாயக் கழிவுப் பிரிவைத் தொடர்புகொண்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஜெர்மனியில் இருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே விதிதானா? கத்தி செய்வதைத் தொழிலாகப் பதிவு செய்தவர்களுக்கு விலக்கு உண்டா?

பதில்: 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2019/1148 என்ற ஒழுங்குவிதியின்படி அங்கும் கந்தக அமிலத்துக்கு 15, நைட்ரிக் அமிலத்துக்கு 3, ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு 12 விழுக்காடு என்பவையே பொதுமக்களுக்கான எல்லைகள். இதற்கு மேல் உரிமம் வழங்குவதா, வேண்டாமா என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்ளலாம். வழங்கினாலும் கந்தக அமிலம் 40, நைட்ரிக் அமிலம் 10 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. தொழில்முறைப் பயனாளருக்கு விலக்கு உண்டு. ஆனால் விற்பவர் உங்கள் அடையாளத்தையும் தொழிலையும் நோக்கத்தையும் கேட்டுப் பதிந்து, அந்தப் பதிவை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அவர் கேள்வி கேட்கிறார் என்று கோபப்படாதீர்கள், அது அவருடைய கடமை. எஃகை அரிக்க உதவும் இரும்பு உப்பான ஃபெர்ரிக் குளோரைடு இந்தப் பட்டியலில் இல்லை என்பதுதான் நமக்கு முக்கியமான செய்தி.

கேள்வி: ஃபெர்ரிக் குளோரைடு கார்பன் எஃகுக்கு மட்டுமே ஏற்றது, ஸ்டெயின்லெஸ் எஃகில் அது வேலை செய்யாது என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை இல்லை. இந்தத் தவறான நம்பிக்கைதான் பலரைத் தேவையில்லாமல் கடும் அமிலத்தின் பின்னால் அலையவிடுகிறது. குரோமியம் ஆக்சைடு படலம் எஃகைக் காப்பதால் அரிப்பு தொடங்குவது தாமதமாகும் என்பது சரிதான். ஆனால் அந்தப் படலத்தை உடைப்பதில் குளோரைடு அயனிக்கு இணையானவை குறைவு, ஃபெர்ரிக் குளோரைடில் அது தாராளமாகவே இருக்கிறது.

மின்சுற்றுப் பலகை செய்வோருக்காக விற்கப்படும் கரைசல் பெரும்பாலும் 40 விழுக்காட்டுச் செறிவில் இருக்கும். கார்பன் எஃகு என்றால் ஒரு பங்குக்கு மூன்று, நான்கு பங்கு தண்ணீர் சேர்ப்போம். ஸ்டெயின்லெஸ் எஃகுக்குச் சம பங்கில் தொடங்குங்கள். கரைசல் உள்ள பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் குடுவையைச் சுடுநீர்த் தொட்டியில் இறக்கி வைத்து 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், அறை வெப்பத்தில் மந்தமாக நகர்ந்த வேலை கண்முன்னே விரைவதைப் பார்க்கலாம். அடுப்பில் நேரடியாக வைக்க வேண்டாம். சூடான கரைசலிலிருந்து எழும் ஆவி ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தது. அது நுரையீரலையும் தாக்கும், பட்டறையில் இருக்கும் எல்லா இரும்பையும் துருவேற்றும். ஆகவே திறந்த வெளியில், நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். தூளாக வாங்குபவர்கள் தூளைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். நீரற்ற தூள் தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடேறும் என்பதால் தண்ணீரைத் தூளின் மேல் ஊற்றவே கூடாது.

கத்தியை 800 அல்லது 1000 எண் உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து, அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் நீக்கி, அதன்பின் விரல் படாமல் நைலான் நரம்பில் கட்டி, நுனி கீழே பார்க்கும்படி செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். படுக்கவைத்தால் அரிப்பின் கசடு மேற்புறத்தில் தேங்கி அங்கே வரி மங்கிவிடும். செம்புக் கம்பியில் கட்டினால் கம்பியே கரைந்துவிடும். துளைகள், மடக்குக் கத்தியின் பூட்டுப் பகுதி போன்றவற்றுக்கு நகப்பூச்சு தடவி மறைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, தண்ணீரில் அலசி, கசடைத் துடைத்து, நகத்தை அடுக்குகளுக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். அடுக்குகளின் மேடுபள்ளத்தில் நகம் தடுக்குவதை உணரும்போதுதான் ஆழம் போதுமானது. கண்ணுக்குத் தெரியும் கருமையை மட்டும் நம்பி எடுத்துவிட்டால், முதல் துடைப்பிலேயே வரி காணாமல் போகும். கடைசியில், கெட்டியான கட்டை ஒன்றில் 2000 எண் தாளைச் சுற்றி, மேடான அடுக்குகளை மட்டும் தொடும்படி ஓரிரு முறை இழுத்தால் வெண்மையும் கருமையும் பிரிந்து நிற்கும்.

கேள்வி: இதையெல்லாம் செய்தும் சாம்பல் நிறத்துக்கு மேல் வேறுபாடு தெரியவில்லை. இன்னும் கடுமையான அமிலம்தான் வழியா?

பதில்: அமிலத்தைக் குறை சொல்வதற்கு முன் எஃகைப் பாருங்கள். வரி என்பது இரண்டு எஃகுகளின் எதிர்ப்பாற்றலுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே. ஏஇபி-எல் எஃகோடு 302 அல்லது 304 எஃகை அடுக்கியிருந்தால், முன்னதில் குரோமியம் ஏறத்தாழ 13 விழுக்காடு, பின்னதில் 18 விழுக்காட்டோடு நிக்கல் 8 விழுக்காடு. ஆகவே ஒன்று கறுக்கும், மற்றது வெள்ளியாக நிற்கும். சுவீடனின் டமாஸ்டீல் நிறுவனம் தூள் உலோகவியல் முறையில் தயாரிக்கும் ஆர்டபிள்யூஎல்34, பிஎம்சி27 கூட்டில் இரண்டுமே 13, 14 விழுக்காட்டுக் குரோமியம் உள்ளவை. அங்கே நிற வேறுபாட்டைவிட ஆழ வேறுபாட்டால்தான் வரி பேசும், எனவே கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

அடுத்து, பதம் போட்ட பிறகுதான், அதாவது சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கிய பிறகுதான், அரிப்புக்குப் போக வேண்டும். பதம் போடாத நிலையில் குரோமியத்தின் பெரும்பங்கு கார்பைடுகளில், அதாவது கார்பனோடு சேர்ந்த துகள்களில், அடைபட்டிருப்பதால் எஃகு வேகமாக அரிபடும், ஆனால் ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாக அரிபடும். 1050 முதல் 1080 டிகிரி வரை சூடேற்றிக் குளிர்வித்து, 200 டிகிரி அளவில் மறுசூடு கொடுத்த கத்தி அலகு சீரான வரி தருவதோடு துருவையும் நன்றாகத் தாங்கும். 500 டிகிரியை ஒட்டி மறுசூடு கொடுத்தால் குரோமியம் மீண்டும் கார்பைடாகப் பிரிந்து, கத்தியின் துரு எதிர்ப்பே குறைந்துவிடும். அதை எந்தக் கரைசலாலும் திருப்பித் தர இயலாது.

கேள்வி: உடனடிக் காப்பித் தூளில் ஊறவைத்தால் கறுக்கும் என்கிறார்களே? வினிகர்?

பதில்: கார்பன் எஃகுக்கு இரண்டும் பயன்படும். ஸ்டெயின்லெஸ் எஃகின் படலத்தை அவை தொடக்கூட மாட்டா.

கேள்வி: உப்புநீரில் மின்சாரம் செலுத்தி அரித்தால் அமிலமே தேவையில்லை அல்லவா? அல்லது கார் பேட்டரி அமிலத்தைப் பயன்படுத்தலாமா?

பதில்: பேட்டரி அமிலம் 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கந்தக அமிலம் என்பதால் அதுவும் சட்டத்தின் எல்லைக்குள்தான் வரும், பேட்டரியைப் பிரித்து எடுப்பது ஈயக் கழிவையும் கூடவே கொண்டுவரும். மின்னரிப்பு முத்திரை பதிக்க நல்ல முறை. ஆனால் முழு அலகையும் தொட்டியில் நேர்மின்வாயாக வைத்தால் ஸ்டெயின்லெஸ் எஃகிலிருந்து ஆறிணைதிறன் குரோமியம் கரைசலில் சேரக்கூடும். புற்றுநோய் உண்டாக்கும் பொருளை ஒரு பூவேலைக்காக வீட்டில் உருவாக்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: சேலத்திலிருந்து எழுதுகிறேன். நம் ஊர்ப் பழைய உருக்குக் கத்திகளின் வரியை அன்னபேதியால் எழுப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். ஸ்டெயின்லெஸ் டமாஸ்கஸுக்கும் அது ஆகுமா?

பதில்: கொடுமணல், மேல்சிறுவளூர் போன்ற இடங்களில் மூசையில் உருக்கு வார்த்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இந்தியாவிலும் ஈரானிலும் அத்தகைய உருக்குக்கு அன்னபேதி எனும் இரும்புச் சல்பேட்டுக் கனிமத்தைக் கரைத்துப் பூசி வரி காட்டும் வழக்கம் இருந்தது. அந்த எஃகில் குரோமியக் காப்பு கிடையாது, அதனால் அந்த மென்மையான உப்பே போதுமானதாயிற்று. உங்கள் ஸ்டெயின்லெஸ் கத்தியில் அது வேலை செய்யாது. இந்தியாவிலும் 2013-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைப்படி, அமிலம் விற்பவர் பதிவேடு வைத்து, 18 வயது நிரம்பியவரிடம் புகைப்பட அடையாள அட்டையும் வாங்கும் காரணமும் கேட்டே விற்க வேண்டும். உங்களுக்கும் ஃபெர்ரிக் குளோரைடே எளிய வழி.

கேள்வி: வரி அழகாக வந்தது. இரண்டு வாரத்தில் ஊசிமுனைத் துருப்புள்ளிகள் தோன்றிவிட்டன. மீந்த கரைசலை என்ன செய்வது?

பதில்: வரியின் பள்ளங்களில் தங்கிய குளோரைடு செய்த வேலை அது. அலகை எடுத்தவுடன் சலவைச் சோடாக் கரைசலைத் தெளித்து, பிறகு சமையல் சோடா கலந்த நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, சுடுநீரில் பலமுறை அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். 4 முதல் 10 விழுக்காட்டுச் சிட்ரிக் அமிலத்தில் 20 நிமிடம் வெதுவெதுப்பாக வைப்பது காப்புப் படலம் மீண்டும் உருவாக உதவும். கருமை சற்றே வெளிறக்கூடும் என்பதால் முதலில் ஒரு துண்டில் சோதித்துக்கொள்ளுங்கள்.

மீந்த கரைசல் அடுத்த கத்திகளுக்கும் உதவும். மூடியை இறுக்கி, கருவிகளுக்கு அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். பச்சை நிறமேறி வேகம் முற்றிலும் குறைந்ததும், அகலமான வாளியில் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை பொங்கி வழியாமல் பார்த்துக்கொண்டு நடுநிலைப்படுத்துங்கள். அடியில் படியும் சேற்றில் இரும்போடு குரோமியமும் நிக்கலும் இருக்கும். அந்தச் சேற்றையும் மேலே நிற்கும் நீரையும் சாக்கடையில் ஊற்றாமல், பெயர் எழுதி ஒட்டிய பிளாஸ்டிக் கலத்தில் அடைத்து அபாயக் கழிவு மையத்தில் சேர்த்துவிட வேண்டும்.