பழைய போர் விமான கேம்: எதை வாங்குவது, எங்கே ஏமாறுவது

கேள்வி: 90களில் வந்த போர் விமான கேம்களை மறுபடி ஆட ஆசை. வீட்டில் இருப்பது தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, 8 ஜிபி ராம் லேப்டாப். ஃபால்கன் 4.0 வாங்கலாமா? காசு வீணாகுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: கேமின் விலை பெரிய தொகை இல்லை. ஜாய்ஸ்டிக்கில்தான் காசு போகும், பழகுவதில் நேரம் போகும். அதனால் கேமை முதலில் வாங்கி, பிடித்தால் மட்டும் ஸ்டிக்குக்குப் போங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ஸ்டிக்கைப் பரணில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஃபால்கன் 4.0 வந்தது 1998இல். கொரியத் தீபகற்பத்தில் நடக்கும் போர் நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் தன்பாட்டுக்கு ஓடும். நீங்கள் தகர்த்த பாலத்தால் எதிரிப் படை வந்து சேரத் தாமதமாகும். இன்றைக்கும் அதற்கு ரசிகர்கள் இருப்பது இதனால்தான். ஆனால் கையேடு 500 பக்கத்தைத் தாண்டும். ரேடாரை இயக்கக் கற்கவே சில வாரம் பிடிக்கும். ரசிகர்கள் இலவசமாகத் தரும் ‘ஃபால்கன் பிஎம்எஸ்’ அதன் புதுப்பித்த வடிவம். அதை நிறுவ, காசு கொடுத்து வாங்கிய மூல கேம் கணினியில் இருக்க வேண்டும். பழைய பெயர்தானே என்று நினைக்காதீர்கள், அதன் இப்போதைய பதிப்புகளுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு தேவை. உங்கள் லேப்டாப்புக்கு அது சரிப்படாது.

உங்களுக்கு ஏற்றது ‘ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் 1946’. 2001இல் தொடங்கிய வரிசையை 2006இல் ஒன்றாகத் திரட்டி வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள் 200க்கு மேல் ஓட்டலாம். ரேடார் தொல்லை கிடையாது. இன்ஜின் சூட்டைக் கவனிப்பது, முன்னால் போகிறவன் வரப்போகும் இடத்தைக் கணித்துச் சுடுவது, வேகம் குறைந்து விமானம் சுழலாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான். குறைகளும் உண்டு. தரை வெறிச்சென்று இருக்கும், தூரத்து விமானம் ஒரு புள்ளியாகத்தான் தெரியும், பழைய பதிப்புகளில் கணினி ஓட்டும் எதிரி மேகத்துக்குள்ளும் உங்களைப் பார்த்துவிடுவான். அகலத் திரையில் படம் சரியாக வராவிட்டால், கேம் ஃபோல்டரில் ‘கான்ஃப்’ (conf.ini) என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து அகலம், உயரம் இரண்டையும் உங்கள் திரை அளவுக்கு மாற்றி, ‘சேவ்ஆஸ்பெக்ட்’ (SaveAspect) வரியில் 1ஐ 0 ஆக்குங்கள்.

அதற்கும் முந்தைய, விண்டோஸ் பரவும் முன் இருந்த டாஸ் கணினிகளுக்கான கேம்கள் (1988இன் எஃப்-19, 1990இன் ரெட் பேரன் போன்றவை) கீபோர்டிலேயே ஆடத் தக்கவை. வலப்பக்க எண் கட்டைகள் இல்லாத லேப்டாப் என்றால் 1 யுஎஸ்பி நம்பர் பேட் வாங்கிக்கொள்ளுங்கள். இவை டாஸ்பாக்ஸ் என்ற, டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள் வழியே ஓடும். விமானம் கட்டுக்கடங்காமல் பாய்ந்தால் கேமின் வேகம் பிராசஸர் வேகத்தோடு கட்டுண்டிருக்கிறது என்று பொருள். கன்ட்ரோல்-எஃப்11 அழுத்திக் குறையுங்கள், கன்ட்ரோல்-எஃப்12 கூட்டும்.

வாங்கும் இடம் ஸ்டீம் அல்லது ஜிஓஜி என்ற இணையக் கேம் கடைகள். ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். மெனு திறந்து கிடக்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். எந்தக் கட்டை எதற்கு என்று கீபோர்டை அமைப்பதற்குள்ளேயே 2 மணி நேரம் கரைந்துவிடலாம். கையேட்டை முன்னாலேயே படித்துவிட்டு கேமைத் திறங்கள். ஜிஓஜியில் 30 நாள் அவகாசம். இன்ஸ்டாலரை (கேமை நிறுவும் ஃபைல்) பென் டிரைவில் போட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய ஜாய்ஸ்டிக் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், காசிமேடு

பதில்: முதலில் கணினியில் செருகும் பின்னைப் பாருங்கள். 15 ஊசி கொண்ட கேம்போர்ட் பின் என்றால் விட்டுவிடுங்கள். விஸ்டாவிலிருந்தே விண்டோஸ் அதைக் கைவிட்டுவிட்டது. யுஎஸ்பி என்றால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்ச் செருகி, விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தில் ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். ஸ்டிக்கை மூலைக்கு மூலை மெதுவாக நகர்த்துங்கள். சிலுவைக் குறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இடையில் துள்ளினால் உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் (நகர்வை உரசி அளக்கும் பாகம்) தேய்ந்திருக்கிறது. கைப்பிடியைத் திருகும் அச்சைக் கட்டாயம் சோதியுங்கள், பெரும்பாலும் முதலில் போவது அதுதான். கையை எடுத்ததும் குறி நடுவுக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். லேசாக விலகி நின்றால் கேமில் டெட்பேண்ட் (நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம், துள்ளலை அப்படி மறைக்க முடியாது.

காசிமேடு கடலை ஒட்டிய பகுதி என்பதால் ஒன்று: உப்புக்காற்று இந்தத் தொடுபரப்புகளுக்கு ஆகாது. புதிதாகவே வாங்குவதென்றால், உரசல் இல்லாமல் காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் உள்ள மாடல் கொஞ்சம் விலை கூடினாலும் நிற்கும். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் அப்படிப்பட்டது. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ மலிவு, ஆனால் ஹால் சென்சார் கிடையாது. ஆடாத நேரத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

கேள்வி: ‘எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும்’ என்று சொல்லி ஒரு கடைக்காரர் பழைய ஒரிஜினல் சிடி விற்றார். விண்டோஸ் 11இல் திறக்கவே இல்லை. சிடியைத் திருப்பித் தரவும் முடியாது என்கிறார்.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சிடியில் கீறலே இல்லாவிட்டாலும் ஓடாது. அந்தக் காலச் சிடிகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு உண்டு. அதற்கான டிரைவர் என்ற துணை மென்பொருளைப் பாதுகாப்புக் காரணமாக விண்டோஸ் 10 முதல் ஏற்பதில்லை. இன்னும் பழையவற்றில் இன்ஸ்டாலரே 16-பிட் என்ற பழைய வகை. இன்றைய 64-பிட் விண்டோஸில் அது எழாது. பூட்டை உடைத்த ஃபைலை எங்கிருந்தோ இறக்கிப் போடாதீர்கள், வைரஸ் சேர்ந்து வரும்.

ஓடும் என்று சொன்னதற்கு வாட்ஸ்அப் செய்தியோ பில்லில் ஒரு வரியோ இருந்தால் உங்கள் கை ஓங்கும். முதலில் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லும் இல்லை, வாக்குறுதியும் வாய்ச்சொல்தான் என்றால், ஒரு சிடிக்காக அலைவதைவிட அதே கேம் ஜிஓஜியில் இருக்கிறதா என்று தேடுங்கள்.