குடல் புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அத்தைக்கு (கணவரின் தாயார்) 61 வயது. 30 ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சையில் அகற்றிய பிறகு, 21 நாட்களுக்கு ஒருமுறை கோயம்புத்தூரில் ஆக்சாலிபிளாட்டின் மருந்து ஏற்றுகிறார்கள். வீட்டில் 14 நாட்கள் கேப்சிடபின் மாத்திரை கொடுக்கிறோம். குடலில் புண் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறோம். நோயின் பெயரைச் சொன்னால் மனம் ஒடிந்துவிடுவார் என்பது என் கணவரும் நாத்தனாரும் சொல்லும் காரணம். சென்ற முறை மருந்து ஏற்றிய மறுநாள் காலை, குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவியவர் கையில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது என்று அலறிவிட்டார். இனியும் மறைக்கலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்த அலறலுக்கு வருகிறேன். ஆக்சாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்கு, குளிர்ச்சி பட்டாலே விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் கூச்சமும் குத்தலும் வரும். குளிர்ந்த தண்ணீரைக் குடித்தால் தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் கூடத் தோன்றும். ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்று சமவெளி மருத்துவமனையில் சொல்லி அனுப்புவார்கள். மார்கழிக் காலையில் கோத்தகிரிக் குழாயில் வருவதே ஐஸ் தண்ணீர்தான் என்பது நமக்குத்தானே தெரியும்! ஆகவே அந்த நாட்களில் பாத்திரம் கழுவும் வேலையை அவரிடம் விடாதீர்கள். கை கழுவவும் குடிக்கவும் வெந்நீர், பனி விலகும்வரை வீட்டுக்குள் இருப்பு, வெளியே போனால் கையுறையும் வாயை மூடிய கம்பளித் துண்டும், திரும்பும் வழியில் மூடிய ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருந்து ஏற்றும் நாள் நெருங்கியும் விரல் மரத்தே இருந்தாலோ, ரவிக்கைக் கொக்கி மாட்டச் சிரமப்பட்டாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர் மருந்தின் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார்.

இதைவிட நான் அஞ்சுவது காய்ச்சலுக்கு. மருந்து ஏறி ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள் கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளை அணுக்கள் மிகவும் குறையக்கூடும், அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் கண்டாலே அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவில் மூடுபனியிலும், குஞ்சப்பனைப் பக்கம் யானை நிற்கும் சாலையிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்த பாதையிலும் மேட்டுப்பாளையம் இறங்குவது எளிதல்ல என்பதால், யாருடைய வண்டி, மலையிலேயே எந்த மருத்துவமனையில் கிருமிக்கு எதிரான முதல் ஊசி போடுவார்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். சிகிச்சை விவரம் எழுதிய கடிதம் ஒன்றையும் கோவை மருத்துவரிடம் வாங்கி வைத்திருங்கள். கடுமையான வயிற்றுப்போக்கு வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்குமுன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. குடல் புண் என்று நம்புகிற ஒருவர் காய்ச்சலுக்காக உங்களை நள்ளிரவில் எழுப்புவாரா? மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த பெண்மணி, சுக்குக் காப்பி குடித்துக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். நீங்கள் மறைப்பது அவருடைய மனத்தைக் காக்கிறதோ இல்லையோ, உடலுக்கு ஆபத்து.

சொல்வதற்கு முன் கேளுங்கள்: "அத்தை, இது என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்?" புற்றுநோய்ப் பிரிவின் வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்தவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், நீங்கள் கலங்குவீர்களே என்று அவரும் மறைத்துக்கொண்டிருக்கலாம். தெரியாவிட்டால் மருத்துவர் முன்னிலையில், மகன் பக்கத்தில் இருக்க, புற்றுநோய் என்ற சொல்லையே பயன்படுத்திச் சொல்லுங்கள். கட்டியை எடுத்தாகிவிட்டது, அது திரும்பாமலிருக்கத்தான் இந்த மருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் அழுதால் அழட்டும், உடனே தேற்ற வேண்டாம். எனக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று அவரே சொன்னால் அதற்கும் மதிப்புக் கொடுங்கள். காய்ச்சல் விதியை மட்டும் விடாதீர்கள்.

மறைக்க முடிவெடுத்தது இருவர், மலை இறங்கி ஏறுவது நீங்கள். அடுத்த முறை நாத்தனாரை அனுப்பிவிட்டு நீங்கள் ஒரு நாள் தூங்குங்கள்.

கேள்வி: அப்பாவைச் சிகிச்சைக்காகச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. ரயிலில் சலுகை உண்டா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: உண்டு. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 100 சதவீதமும், துணைக்குச் செல்லும் ஒருவருக்கு அவ்விரு வகுப்புகளிலும் 75 சதவீதமும் கட்டணச் சலுகை கிடைக்கும். ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும். திரும்பும் பயணத்துக்கும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் உங்களுக்கு வசதி. ஆனால் அதைப் பிடிக்க மலை ரயிலை நம்பி இறங்காதீர்கள். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்து அது நின்றுபோவதுண்டு.