விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தினேன், இப்போது தலைக்குள் ஷாக் அடிக்கிறது

கேள்வி: எனக்கு 41 வயது. டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். அம்மா இறந்த பிறகு டிப்ரெஷன் வந்து, டாக்டர் வென்லாஃபாக்சின் 75 மில்லிகிராம் கொடுத்தார். மூன்று வருடமாகச் சாப்பிடுகிறேன், கடந்த ஒரு வருடமாக நன்றாகவே இருக்கிறேன். இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். "விரதம் இருக்கிற உடம்புக்கு இந்த நரம்பு மாத்திரை எதற்கு?" என்று மாமியார் கேட்டார். எனக்கும் அது சரி என்று பட்டது. கொடியேற்றத்தன்று நிறுத்திவிட்டேன். மறுநாளே தலைசுற்றல், குமட்டல். கண்ணைச் சட்டென்று திருப்பினால் தலைக்குள் ஷாக் அடிக்கிறது. ராத்திரி பயங்கரக் கனவு, காரணமில்லாத அழுகை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். மருந்துக்கு அடிமையாகிவிட்டேன் என்கிறார் மாமியார். பழைய வியாதி திரும்பிவிட்டது என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போய்விடுமா?
பெயர் வேண்டாம்

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்றே சுருக்கமாக ஒரு பதில் அனுப்பியிருந்தேன்: இன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள், என்றைக்கு நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள், மறுபடி எந்த அளவில் தொடங்குவது என்று கேளுங்கள். நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இப்போது கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமலே கிடக்கிறது.

மாமியார் சொல்வதும் சரியில்லை, கணவர் சொல்வதும் அநேகமாகச் சரியில்லை. இது மருந்தைத் திடீரென்று நிறுத்தியதால் உடம்பு காட்டுகிற எதிர்வினை, டாக்டர்கள் விதட்ராயல் என்று சொல்வது. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு அறிகுறியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது: தலைசுற்றல், குமட்டல், ஷாக், கனவு, அழுகை, எரிச்சல். சிலருக்கு இதோடு காய்ச்சல் வரப்போகிற மாதிரி உடம்புவலியும் வியர்வையும் சேர்ந்துகொள்ளும்.

நிறுத்திய மறுநாளே ஏன் இத்தனை என்று கேட்பீர்கள். டிப்ரெஷன் மாத்திரைகளிலேயே வென்லாஃபாக்சின் சீக்கிரம் உடம்பை விட்டு வெளியேறுகிற ஜாதி. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் போதும், அது உடம்பில் மாறி உண்டாகிற பொருளுக்கு 11 மணி நேரம். அதனால்தான் இந்த மருந்தில் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தலை கிறுகிறுக்கிறது. பராக்செட்டினும் இப்படித்தான் தொல்லை கொடுக்கும். ஃப்ளூயோக்செட்டின் இதற்கு நேர் எதிர், அது உடம்பில் வாரக்கணக்கில் தங்கி மெதுவாகத் தானே இறங்கும். மூன்று வருடமாக உங்கள் மூளை இந்த மருந்து தினமும் வரும் என்று நம்பித் தன்னைப் பழக்கிக்கொண்டிருந்தது, நீங்கள் ஒரே நாளில் கையை எடுத்துவிட்டீர்கள்.

அந்த ஷாக் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதுதான் ஆட்களை அதிகம் பயமுறுத்துகிறது. அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு மசாலா டப்பாவை எடுக்கப் பக்கவாட்டில் திரும்புவார்கள், கண் நகர்ந்த அந்த நொடியில் தலைக்குள் சுர்ரென்று ஒன்று ஓடும், சிலருக்குக் காதுக்குள் ஒரு சத்தமும் கேட்கும், ஒரு விநாடி உலகமே நின்று மறுபடி ஓடுகிற மாதிரி இருக்கும். பக்கவாதமோ வலிப்போ வரப்போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நான் நர்ஸாக இருந்த காலத்தில், இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று மறைத்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இது எப்படி உண்டாகிறது என்று மருத்துவம் இன்னும் முழுசாகக் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் மருந்தை நிறுத்துகிறவர்கள் பலர் சொல்கிற ஒன்று, நாளாக நாளாகக் குறைந்து நின்றுபோவது. ஆனால் நினைவு தப்பினாலோ, கைகால் இழுத்தாலோ, ஒரு பக்கம் மரத்துப்போனாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சரி, அடிமையா? அடிமை என்றால் அந்தப் பொருளுக்காக மனசு ஏங்கவேண்டும், அளவைத் தானே ஏற்றிக்கொண்டே போகவேண்டும், மற்ற வேலை வெட்டியெல்லாம் கெட்டாலும் அதைத் தேடி ஓடவேண்டும். உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, நீங்களோ அதை வேண்டாம் என்று வைத்தவர். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிப்போவது வேறு. நெஞ்சுக்கும் பிரஷருக்கும் கொடுக்கிற சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சு படபடக்கும், அந்த ஆளை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. அதற்காக, டிப்ரெஷன் மாத்திரையை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. இமிப்ரமின் என்கிற பழைய மருந்தை நிறுத்தியவர்களுக்கு வந்த தொல்லைகளை 1959-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும், ரொம்ப காலம் "லேசாக இருக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும்" என்றே நோயாளிகளுக்குச் சொல்லி வந்தார்கள். சிலருக்கு அது கடுமையாகவும் மாதக்கணக்கிலும் நீடிக்கிறது என்று பிரிட்டனின் மனநல மருத்துவர்களுடைய ராயல் காலேஜ் ஒப்புக்கொண்டது 2019-ல்தான், படிப்படியாக நிறுத்துவது எப்படி என்று பொதுமக்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது 2020-ல்.

எத்தனை பேருக்கு வருகிறது? 21 ஆயிரம் பேருடைய விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2024-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. நிஜ மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு அறிகுறி வந்தது, வெறும் டம்மி மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 சதவீதம் பேருக்கு வந்தது. கடுமையாக வருவது நூற்றுக்கு மூன்று பேருக்கு. ஆக எல்லாருக்கும் வருவதில்லை, வந்தவருக்கு அது கற்பனையும் இல்லை.

கணவர் சொன்னதற்கு வருகிறேன். பழைய வியாதி திரும்புவதற்கு வழக்கமாக வாரங்கள், மாதங்கள் ஆகும், மெல்ல மெல்ல வரும். உங்களுக்கு ஒரே நாளில் வந்தது. அம்மா போன சமயத்தில் உங்களுக்கு ஷாக் அடித்ததா, கண்ணைத் திருப்பினால் சுற்றியதா? இல்லையென்றால் இது புதுசு, மருந்து போனதால் வந்தது. இன்னொரு அடையாளம், மருந்தை மறுபடி தொடங்கினால் விதட்ராயல் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும், டிப்ரெஷன் அத்தனை சீக்கிரம் அடங்காது. அதே நேரம் கணவருடைய பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. நீண்ட நாள் மருந்து சாப்பிட்டு நன்றாக இருந்தவர்களைப் பிரிட்டனில் இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள், 2021-ல் முடிவு வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு டிப்ரெஷன் திரும்பியது, நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு. இந்தக் கணக்கை நான் எப்படிப் பார்க்கிறேன் என்றால், நிறுத்தியும் நன்றாக இருக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் இறங்குகிற காரியம் இல்லை இது.

பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாமா என்றால், வேண்டாம். இதில் வைராக்கியத்துக்கு வேலையே இல்லை. இறங்குவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அது நாம் நினைக்கிற கணக்கு இல்லை. பாதியாக்கினால் வேலையும் பாதியாகும், இன்னொரு பாதி குறைத்தால் முடிந்தது என்றுதானே தோன்றும்? சிட்டலோபிராம் என்கிற மருந்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 20 மில்லிகிராமில் அது மூளையில் பிடிக்கவேண்டிய இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. 5 மில்லிகிராமுக்கு, அதாவது கால்வாசிக்கு, இறக்கினாலும் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னும் பிடியில்தான் இருக்கிறது. அந்தக் கடைசி 5-லிருந்து பூஜ்யத்துக்குப் போகும்போதுதான் மூளைக்குப் பெரிய இறக்கம். ஆரம்பத்தில் சுலபமாகக் குறைத்தவர்கள் கடைசித் துண்டில் விழுந்து தவிப்பது இதனால்தான். வென்லாஃபாக்சினுக்கும் இதே போக்குதான். ஆகவே 75-லிருந்து 37.5, அப்புறம் அதற்கும் கீழே சின்னச் சின்னப் படிகள், ஒவ்வொரு படியிலும் சில வாரம் நின்று உடம்பு அமைதியானதும் அடுத்தது. மாதங்கள் ஆகலாம், ஆகட்டுமே.

பலர் செய்கிற ஒரு காரியம், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது. உங்கள் மருந்துக்கு அது ஆகவே ஆகாது, மருந்து அத்தனை சீக்கிரம் இறங்குவதால் ஒவ்வொரு இரண்டாவது நாளும் விதட்ராயலைக் கூப்பிட்டு வீட்டில் உட்கார வைக்கிற மாதிரி. மெதுவாகக் கரைகிற கேப்ஸ்யூலாக இருந்தால் மெல்லவோ பொடிக்கவோ கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். 37.5-க்குக் கீழே எப்படிப் போவது என்பதை டாக்டரும் பார்மசிஸ்டும் சேர்ந்து முடிவு செய்யட்டும். சிலருக்கு ஃப்ளூயோக்செட்டினுக்கு மாற்றி அதிலிருந்து இறக்குவார்கள். நம் தென்னாப்பிரிக்காவில் இது ஷெட்யூல் 5 மருந்து, சீட்டு இல்லாமல் பார்மசியில் கிடைக்காது, அதனால் ஒரே சீட்டில் மறுபடி மறுபடி வாங்குகிற ரிப்பீட் முடியும் முன்பே புதுச் சீட்டு வாங்கி வையுங்கள். மருந்து தீர்ந்துபோனதாலேயே திடீரென்று நின்றுவிடுகிறவர்களும் நிறைய.

விரதத்துக்கும் மருந்துக்கும் முடிச்சுப் போடவே வேண்டாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போட்டுக்கொண்டே விரதம் இருந்து காவடி எடுக்கிறவர்கள் நம் கோயில்களில் இல்லையா? முருகனுக்கு அது ஆகும் என்றால் இதுவும் ஆகும். மனசில் உறுத்தினால் கோயில் ஐயரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வென்லாஃபாக்சின் சாப்பாட்டோடு போடுகிற மருந்து, விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு என்றால் அந்த வேளைக்கே அதை மாற்றிக்கொள்ளலாமா என்றும் டாக்டரிடமே கேளுங்கள். டர்பன் தை மாத வெயிலில் வெறும் வயிற்றோடு, தண்ணீர் குறைவாக, வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்தால் மருந்து நிறுத்தாதவருக்கே தலை சுற்றும். அன்றைக்கும் சுற்றல் அடங்கவில்லை என்றால் இந்த வருடம் பால்குடத்தோடு, பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு போங்கள், காவடி அடுத்த வருடம் எடுக்கலாம். அடுத்த முறை மருந்தைக் குறைக்கத் தொடங்கும்போது திருவிழா, பரீட்சை, வீடு மாற்றுவது, துக்கம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண மாதத்தில் தொடங்குங்கள்.

அதுவரை நாளை எப்படிக் கடத்துவது? படுக்கையிலிருந்து சடாரென்று எழாதீர்கள், உட்கார்ந்து, நிதானித்து, அப்புறம் எழுங்கள். சுற்றல் இருக்கிற நாளில் கார் ஓட்டக்கூடாது. சாயங்காலத்துக்கு மேல் காப்பி, டீயை விட்டுவிட்டு ரூய்போஸ் மூலிகை டீ குடியுங்கள், அதில் காஃபின் இல்லை. குமட்டலுக்கு இஞ்சித் தண்ணீர் கொஞ்சம் கேட்கும். தலைவலிக்குப் பனாடோ, அதாவது பாராசிட்டமால், போதும், கோடீன் கலந்த வலி மாத்திரை வேண்டாம். மதுவும் டாகா என்கிற கஞ்சாவும் அந்த நேரத்துக்கு இதமாகத் தெரிந்தாலும் தூக்கத்தையும் மனநிலையையும் இன்னும் குழப்பும். டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகை நரம்பு டானிக்கும் எடுக்காதீர்கள், செயின்ட் ஜான்ஸ் வொர்ட் கலந்தது வென்லாஃபாக்சினோடு சேர்ந்தால் ஆபத்து. பிள்ளைகளிடம் "அம்மா மருந்து மாற்றுகிறேன், கொஞ்ச நாள் கோபம் வரும், உங்கள் தப்பு இல்லை" என்று சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அது பெரிய நிம்மதி. மாமியாரிடம் வாதாட வேண்டாம், டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மருமகள் சொன்னால் ஏறாதது டாக்டர் சொன்னால் ஏறும்.

சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லாமல் தலைகால் புரியாத வேகத்தில் ஓடினாலோ, இல்லாததெல்லாம் தெரிந்தாலோ, கேட்டாலோ காத்திருக்கக் கூடாது. உடனே பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. மனநலத்துக்கு உதவுகிற சாடாக் அமைப்பின் தற்கொலைத் தடுப்பு லைன் 0800 567 567, பணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். கணவருடைய போனிலும் இந்த நம்பரை ஏற்றி வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: என்றைக்கு நிறுத்தினீர்கள், எந்த நாளில் என்ன வந்தது, அம்மா இறந்த சமயத்தில் இருந்ததோடு ஒப்பிட்டால் இது எப்படி வேறு. "ஒன்றும் ஆகாது, இரண்டு வாரத்தில் நிறுத்திவிடலாம்" என்று அவர் சொன்னால், நிறுத்திப் பார்த்ததில் என்ன ஆனது என்று அந்த நோட்டைக் காட்டி, மெதுவாக இறக்கும்படி கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அப்படியும் காது கொடுக்கவில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் போங்கள், ஆனால் அங்கே போய்ச் சேரும் வரை மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.