இணையத்துக்கு எதற்கு இத்தனை ஆயிரம் செயற்கைக்கோள்கள்? மூன்று போதாதா?

36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்றை நிறுத்தினாலே துருவங்கள் நீங்கலாகப் பூமி முழுவதும் தெரியுமே, தனியார் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஏவுவது வெறும் பகட்டுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம், அந்த உயரத்துச் செயற்கைக்கோள்களை நம்பித்தான் நானும் பதினான்கு ஆண்டுகள் வீசாட் எனும் செயற்கைக்கோள் இணைய டிஷ் பொருத்திப் பிழைத்தேன்.

2011இல் கிண்டியிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போய் ஒரு வங்கிக் கிளைக்கு டிஷ் பொருத்தினேன். சிக்னலில் குறையில்லை, வேகச் சோதனையும் ஒப்பந்தப்படியே இருந்தது. ஆனாலும் கணினியில் ஒரு திரை மாறுவதற்குள் மேலாளர் பொறுமையிழந்தார். "சார், நீங்கள் கேட்பது 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கி, பதிலும் அதே வழியில் வரவேண்டும், ஒளியின் வேகத்திலேயே அரை நொடி ஆகும், ஒரு திரைக்கு அப்படிப் பல நடை" என்றேன். "கதை விடாதீங்க தம்பி" என்று சொல்லி, வேலை முடிந்த தாளில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அந்த மாத ஊக்கத்தொகை போயிற்று. டிஷ்ஷை எவ்வளவு திருப்பினாலும் ஒளி விரைந்து ஓடாது என்பதை என் நிறுவனத்தாருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை.

அந்த அரை நொடியைக் குறைக்க ஒரே வழி, செயற்கைக்கோளைக் கீழே கொண்டுவருவது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டரில் பறப்பதால் வான்வழித் தாமதம் சில மில்லிநொடிகளாகச் சுருங்குகிறது. 36,000 கிலோமீட்டரில் இருப்பது பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றுவதால் ஓரிடத்தில் நிற்பதுபோல் தெரியும், ஆனால் இவ்வளவு தாழ்வில் எதுவும் அப்படி நிற்காது. தொண்ணூற்றைந்து நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடும், நம் தலைக்குமேல் சில நிமிடங்களே இருக்கும், அது மறையுமுன் அடுத்தது வந்தாக வேண்டும். ஒன்றின் கொள்ளளவைப் பலர் பங்கிடுவதாலும் எண்ணிக்கை ஏறுகிறது. உலகம் முழுவதற்கும் சேவை என்பதைப் பெருந்தன்மை என்று நான் சொல்லவில்லை: சென்னைக்கு மேலே வந்தது சற்று நேரத்தில் வங்கக் கடலுக்குமேல் போய்விடும், ஆகவே கப்பல்காரருக்கும் விற்றால்தான் போட்ட முதல் திரும்பும்.

திரும்பாமலும் போகலாம். 66 செயற்கைக்கோள்களுடன் 1998இல் தொலைபேசிச் சேவை தொடங்கிய இரிடியம் மறு ஆண்டே திவாலானது. தாழ்வில் பறக்கும் செயற்கைக்கோள்களால் இணையம் தரும் ஒன்வெப் நிறுவனமும் 2020இல் திவாலாகிக் கைமாறியது; அதன் 36 செயற்கைக்கோள்களைச் சுமந்து 2023 மார்ச்சில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் கிளம்பியதை எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன்.

எந்த நிறுவனத்திலும் எனக்குப் பங்கில்லை, விளம்பரம் செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் வீட்டுக்கு ஃபைபரே போதும். அந்த மலைக்கிளைக்குத்தான் அது கிடைக்கவில்லை, கேபிள் அங்கே ஏறவே இல்லை.