ஃபாஸ்ட் ஃபுட்: எதற்குப் பயப்பட வேண்டும்? (கேள்வி பதில்)

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, இப்போது உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். ஃபாஸ்ட் ஃபுட் பற்றி வந்த கேள்விகளில் பாதி அஜினமோட்டோவைப் பற்றித்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

விடுதி மாணவர், திருச்சி: அக்கா, வாரத்தில் நாலு ராத்திரி தள்ளுவண்டியில் எக் ரைஸ்தான். அஜினமோட்டோ போடாமல் கேட்டு வாங்குகிறேன். பரவாயில்லைதானே?

தம்பி, நீங்கள் தள்ளி வைத்தது அங்கே இருந்ததிலேயே சாதுவான பொருளை. 1908இல் ஜப்பானில் கிகுனே இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவை அது. அந்தச் சுவையைத் தரும் குளூட்டமேட் என்ற பொருள் தக்காளியிலும் இருக்கிறது. சோடியம் கணக்கில் பார்த்தாலும் உப்பில் சுமார் 39 சதவீதம், அஜினமோட்டோவில் சுமார் 12 சதவீதம்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியது சாதத்தை. மதியமே வடித்து, பெரிய அலுமினிய அண்டாவில் கொட்டி, மேலே ஒரு ஈரத்துணி. ராத்திரி பத்து மணி வரை அதிலிருந்துதான் தட்டு தட்டாக அள்ளுகிறார்கள். மேலே ஆறிவிடும், அண்டாவின் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு இருக்கும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வந்தால் பழி முட்டை மேல் போகும். பல நேரம் காரணம் சாதம்.

அதே மாணவர்: ஆனால் தீ பறக்க வறுக்கிறார்களே அக்கா, கிருமி செத்துவிடாதா?

கிருமி சாகும். ஆனால் அது ஏற்கெனவே சுரந்து வைத்த நஞ்சு அந்தச் சூட்டுக்கு அசையாது. தீ பறப்பது கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். நாலு ராத்திரியை ஒன்றாகக் குறைக்கப் பாருங்கள். அந்த ஒரு நாளும் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போய்விடுங்கள். மற்ற நாள் சூடாக இட்லியோ தோசையோ கிடைக்காத ஊரா திருச்சி?

பெயர் வேண்டாம் என்றவர்: அப்போ நம்ம பழைய சோறு மட்டும் அமிர்தமா?

நக்கல் புரிகிறது, ஆனாலும் நல்ல கேள்வி. தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகள் வளர்வது கஷ்டம். அண்டாச் சாதத்துக்கு அந்தக் காவல் இல்லை. ஆனால் பழைய சோறும் வாடை மாறி, பிசுபிசுத்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை: பொரித்த எண்ணெயிலேயே திரும்பத் திரும்பப் பொரிக்கிறார்கள். அதில் உண்மையில் என்ன கெடுதல், மேடம்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும் சார். எண்ணெய் சூடேறி, காற்றும் உணவின் ஈரமும் பட்டு உடையும்போது ‘போலார்’ சேர்மங்கள் சேர்கின்றன, ஆல்டிஹைடுகள் உருவாகின்றன. இவை ரத்தக்குழாய்க்கு நல்லதில்லை. மொத்தப் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் இந்திய விதி. அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது, எண்ணெயில் முக்கினால் எண் காட்டும். தள்ளுவண்டியில் அதை எதிர்பார்க்க முடியாது, உங்கள் கண்தான் கருவி. எண்ணெய் காபி நிறத்தில் இருந்தால், பொருளைப் போட்டதும் நுரை பொங்கி அடங்காமல் நின்றால், சட்டி ஓரத்தில் பிசின் மாதிரி படிந்திருந்தால், காசு கொடுக்கும் முன்பே நடையைக் கட்டுங்கள்.

இன்னொன்று. பெரிய இடங்களில் கழித்த எண்ணெய் குறைந்த விலைக்குச் சின்னக் கடைகளுக்குப் போகும் பழக்கம் உண்டு. அதைத் தடுக்கத்தான் பழைய எண்ணெயை வாங்கி பயோடீசலுக்கு அனுப்பும் ஏற்பாட்டை உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்தது. எல்லாத் தெருவுக்கும் அது இன்னும் எட்டவில்லை.

எட்டு வயதுப் பையனின் அம்மா, கோவை: தெருக்கடைப் பக்கமே போக மாட்டோம். ஏசி கடையில் பர்கர், நக்கெட்ஸ் மட்டும்தான். அங்கே சுத்தமாக இருக்கிறதே?

சுத்தம் சரிதான் அம்மா, வயிற்றுப்போக்கு பயம் குறைவு. அங்கே பிரச்சினை வேறு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் நக்கெட்ஸ் போல ஆலையில் பக்குவம் செய்த உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை ஏறியது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேலையே இல்லாத உணவு, வயிறு ‘போதும்’ என்று சொல்வதற்குள் உள்ளே போய்விடுகிறது.

கூடவே வரும் 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை, அதாவது ஆறேழு ஸ்பூன். பையனைக் கூட்டிப் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். காம்போ மட்டும் வாங்காதீர்கள். பர்கர் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. மார்க் எடுத்ததற்குப் பரிசாக அதைக் கொடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

வாட்ஸ்ஆப் மாமா (அவரே வைத்துக்கொண்ட பெயர்): மைதாவில் அலோக்ஸான் கலக்கிறார்களாமே?

யாரும் வாங்கிக் கலப்பதில்லை மாமா. ஆய்வகத்தில் எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்கும் ரசாயனம் அது, அந்தப் பெயர் இங்கே ஓடி வந்துவிட்டது. மைதாவின் குறை தவிடு போனதுதான். நார்ச்சத்து மிகக் குறைவு, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும். பரோட்டாவை ஒதுக்க அது போதாதா?

கல்லூரி மாணவி, சென்னை: ஷவர்மா பற்றி ஒரு வரி ப்ளீஸ்.

ஒரு வரியில் முடியாது. 2022இல் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் இறந்தாள். 2023இல் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. கடையில் கோழி கோத்துச் சுற்றும் கம்பியைக் கவனியுங்கள். கூட்டம் இருக்கும்போது தணல் எரியும், வெளிச்சதை வெந்து சீவப்படும். கூட்டம் குறைந்ததும் தணலை அணைக்கிறார்கள். உள்ளே பாதி வெந்த கோழி நமது சென்னை வெயிலில் அப்படியே நிற்கும். பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தால் அவசரத்தில் அந்த உள்சதை வரைக்கும் கத்தி போகும். மேலே பச்சை முட்டை மயோனைஸ். அதில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா வர வாய்ப்பு இருப்பதால்தான் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தார்கள். சீவிய துண்டுகளைக் கல்லில் போட்டு இன்னொரு முறை நன்றாக வாட்டித் தருகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

பிபி மாத்திரை எடுப்பவர், சேலம்: எண்ணெய் பதார்த்தம் வேண்டாம் என்று நூடுல்ஸும் சூப்பும் மட்டும் சாப்பிடுகிறேன். சரிதானே?

உங்களுக்கு எண்ணெயைவிட உப்பு முக்கியம் சார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் வந்துவிடும். மாஸ்டர் பாட்டிலை அப்படியே கவிழ்ப்பார், அளவெல்லாம் கிடையாது. அதற்கு மேல் உப்புத் தனி. எண்ணெயும் குறைவில்லை: ஒரு கரண்டி 50 மில்லி என்று வைத்தால் 400 கலோரி. நூடுல்ஸை மாதம் ஒரு நாளாக்குங்கள், சூப்பை விட்டேவிடுங்கள்.

கடைக்காரர், ஈரோடு: நானே ஃபாஸ்ட் ஃபுட் கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் எங்களை வில்லனாக்கினால் எப்படி?

உங்களை இல்லை அண்ணா. 80 ரூபாய்க்கு ஒரு தட்டு என்றால் எங்கே கை வைப்பீர்கள் என்று எனக்கும் தெரியும். சாதத்தை ஒரே அண்டாவாக வடிக்காமல், ஒரு மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் அவ்வப்போது வடியுங்கள். மிச்சத்தை அகலத் தட்டில் பரப்பி ஆற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். எண்ணெயைத் தினமும் வடிகட்டுங்கள், நிறம் மாறியதும் சேகரிப்பவரிடம் கொடுங்கள், காசும் வரும். பார்சலை நியூஸ்பேப்பரில் சுற்றாதீர்கள், மை உணவில் இறங்கும்.

கலர் பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டார்கள். மாதிரிகளில் டார்ட்ராசின் போன்ற நிறங்கள் இருந்தன. சில்லி சிக்கனுக்குக் காஷ்மீரி மிளகாய்த் தூள் போட்டாலே சிவக்கும். தட்டுக்கு ஐந்து ரூபாய் ஏற்றிக்கொள்ளுங்கள், கலர் போடுவதில்லை என்று பலகையில் எழுதி வையுங்கள்.