ஆற்றிடை ஊரும் ஓர் அரிய பெயரும்: வாசகர் கேள்வி பதில்

முள்ளியவளை வாசகர்: எங்கள் வீட்டுப் பழைய காணிக் கடதாசிக் கட்டில் 1880களில் எழுதப்பட்ட ஒரு கடிதப் பிரதி இருக்கிறது. அதில் அரசாங்க அதிபரின் பெயர் "ட்வைனம்" என்று உள்ளது. வேறெங்கும் இந்தப் பெயரை நான் கண்டதில்லை. இது ஆளின் பெயரா, குடும்பப் பெயரா? பொருள் உண்டா?

குடும்பப் பெயர்தான். அவர் சேர் வில்லியம் குறொவ்ற்றன் ட்வைனம். 1869 முதல் 1896 வரை வடமாகாண அரசாங்க அதிபர். அந்த நாளில் முல்லைத்தீவும் வவுனியாவும் மன்னாரும் அவருடைய நிருவாகத்துக்குள் அடங்கியிருந்தன. மன்னார்க் கடல் முத்துக்குளிப்பை மேற்பார்த்தவர்களில் முக்கியமானவரும் அவர்தான். ஆகவே வன்னிக் கடதாசி ஒன்றில் அந்தப் பெயர் கிடப்பதில் அதிசயமில்லை.

பொருள் அழகானது. இங்கிலாந்தின் தென்கரையில் ஏவன், ஸ்ரவர் என்ற இரண்டு ஆறுகள் கடலில் சேருமுன் ஒன்றாகும் இடத்தில் ஓர் ஊர் உண்டு. பழைய ஆங்கிலத்தில் "ஆறுகளுக்கு இடையில்" என்ற பொருளில் அதை ட்வைனம் என்றார்கள். 1086 இல் இங்கிலாந்தின் பெரும்பகுதியைக் கணக்கெடுத்த டூம்ஸ்டே ஏட்டிலும் ஊர் இந்தப் பெயரில்தான் இருக்கிறது. பெயரின் முன்பாதியில் உள்ள "ட்வை"க்குள் இரண்டு என்ற எண் ஒளிந்திருக்கிறது. நம் இரணைமடுவின் "இரணை"யும் இரட்டை என்பதுதான். தண்ணீரைப் பார்த்து ஊருக்குப் பெயர் வைக்கும் மனம் எங்கும் ஒன்றே.

பிறகு ஊருக்கு வேறு பெயர் வந்தது. 1094 அளவில் அங்கே பெரிய மடாலயக் கோயிலைக் கட்டத் தொடங்கினார்கள். கூரைக்கு அறுத்த உத்தரம் அளவில் குறைந்துபோனதாம். மறுநாள் காலையில் பார்த்தால் அது சரியான நீளத்தில் தன் இடத்தில் ஏறியிருந்ததாம். அதுவரை கூட வேலைசெய்த பெயர் தெரியாத தச்சர் கிறிஸ்துவே என்று ஊர் நம்பியது. ஊர் கிறைஸ்ட்சேர்ச் ஆயிற்று. பழைய பெயர் ஊரை விட்டு மெல்ல மறைந்தது, ஆனால் அங்கிருந்து வெளியேறிய மனிதர்களின் பெயரில் ஒட்டிக்கொண்டு உயிர் தப்பியது.

ஒரு எச்சரிக்கை: சசெக்ஸ் மாவட்டத்தில் ட்வைன்ஹம் என்று இன்னொரு ஊரும் உண்டு, பொருளும் அதேதான். ஆகவே இந்தப் பெயருள்ள எல்லாக் குடும்பமும் கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்தே கிளம்பியது என்று முடிவு கட்டக்கூடாது.

மாங்குளம் வாசகர்: ஊர்ப் பெயரே குடும்பப் பெயர் என்றால், அந்த ஊரில்தான் அந்தப் பெயர் அதிகம் இருக்க வேண்டும். அப்படித்தானே?

அப்படி இல்லை, பலரும் வழுக்கும் இடம் இதுதான். முல்லைத்தீவிலே ஒருவரை யாரும் "முல்லைத்தீவார்" என்று அழைப்பதில்லை, அங்கே எல்லாரும் முல்லைத்தீவார்தான். அவர் வவுனியாவில் வந்து குடியிருந்தால்தான் அந்த அடைமொழி ஒட்டும். ஆங்கில ஊர்ப் பெயர்க் குடும்பப் பெயர்களும் இதே வழியில்தான் பிறந்தன. ட்வைனத்திலிருந்து வந்தவன் என்று பக்கத்து ஊரார் சொன்னார்கள். ஏறக்குறைய 1250க்கும் 1400க்கும் இடையில் அந்த அடையாளம் தகப்பனிலிருந்து மகனுக்கு இறங்கும் பெயராக இறுகியது. ஆகவே பெயரின் வேரைத் தேடும்போது ஊரின் நடுவில் நிற்காமல், ஒருநாள் நடைதூரத்தில் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

வவுனியா மாணவி: ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப் பெயர் எந்தப் பகுதியில் இருந்தது, காலப்போக்கில் எங்கே நகர்ந்தது என்பதைக் கைத்தொலைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முடியும். பெயர் அரிதாக இருப்பது உங்களுக்கு வாய்ப்பு. சிமித் என்ற பெயரை யாரும் முழுமையாக எண்ணிவிட முடியாது. ட்வைனம் போன்ற பெயரைக் கடைசி ஆள்வரை எண்ணலாம்.

முதலில் எழுத்து வேறுபாடுகளின் பட்டியலைப் போடுங்கள். நாமே தமிழில் துவைனம், டுவைனம், ட்வைனம் என்று மூன்று விதமாக எழுதுவோம். கிராமத்துக் குருவானவர் காதில் விழுந்தபடி எழுதிய காலத்தில் ஆங்கிலத்திலும் இதே கதைதான்: நடுவில் "வை", "ஐ" எழுத்துகள் மாறும், கடைசியில் "எச்" வரும், வராமலும் போகும். இதைவிட மோசமானது ட்வைமன் என்ற பெயர். அது கென்ற் மாவட்டத்துக்குரிய வேறொரு பெயர். ஆனால் "என்", "எம்" இரண்டும் இடம் மாறினால் ட்வைனம் ட்வைமன் ஆகிவிடும். பட்டியலில் திடீரென்று கென்ற்றில் ஒரு கூட்டம் முளைத்தால் சந்தோஷப்படாமல் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள்.

அடுத்து இங்கிலாந்தின் 1881 குடிமதிப்பு. அந்த வருடம் ஏப்ரல் 3 ஆந் திகதி இரவு யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்ற கணக்கு அது. அதன் எழுத்துப்பெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெயரைப் போட்டு, வந்த ஒவ்வொருவரையும் ஒரு கொப்பியில் நிரல்களாக எழுதுங்கள்: முழுப்பெயர், வயது, பிறந்த ஊர், இருந்த ஊர், தொழில், வீட்டுத் தலைவருக்கு என்ன முறை. பிறந்த ஊரும் இருந்த ஊரும் தனித்தனி நிரலில் இருக்க வேண்டும். பெயர் நகர்ந்த திசையே அந்த இரண்டுக்கும் இடையில்தான் தெரியும்.

பிறகு பின்னுக்குப் போங்கள். 1851 குடிமதிப்பில் பிறந்த ஊரின் பெயர் எழுதியிருக்கும். 1841 இல் இருக்காது, இதே மாவட்டத்தில் பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை மட்டுமே. அந்த ஆண்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 என்று நிற்பார். இது தெரியாமல் அவரை வேறு ஆள் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய.

1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுச் சுட்டிகள், அதாவது பெயர் வரிசைப் பட்டியல்கள், உண்டு. ஃபிரீ பி.எம்.டி என்ற இலவசத் தளத்தில் பெரும்பகுதி இருக்கிறது. சுட்டியில் திகதி இருக்காது, காலாண்டு மட்டும் இருக்கும், அதுவும் பதிந்த காலாண்டு. பிறப்பைப் பதிய 42 நாள் தவணை உண்டு என்பதால் டிசம்பரில் பிறந்த பிள்ளை அடுத்த வருட மார்ச் காலாண்டில் நிற்கலாம். பிறப்புச் சுட்டியில் தாயின் கன்னிப் பெயர் 1911 செப்டெம்பர் காலாண்டு முதல்தான் வரும். ஆனால் பொதுப் பதிவாளர் அலுவலகம் தானே புதிதாகத் தயாரித்த இணையச் சுட்டியில் 1837 இலிருந்தே தாயின் பெயர் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒரு குடும்பமாகக் கட்ட இதைவிட நல்ல வழி இல்லை. 1837க்கு முந்திய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான். அவை 1538 இல் தொடங்கியவை, ஆனால் எல்லா ஊரிலும் அவ்வளவு பழைய ஏடு மிஞ்சவில்லை.

நூறு வருட இரகசியக் காலம் முடிந்து 1921 குடிமதிப்பு 2022 இல் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு பெரிய வெளி. 1931 இன் ஏடுகள் 1942 இல் தீயில் அழிந்தன, 1941 இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை 1939 செப்டெம்பரில் எடுத்த தேசியப் பதிவேடு ஓரளவு நிரப்பும்.

விசுவமடு வாசகர்: ஓர் இணைய வரைபடத்தில் ஓர் அரிய பெயருக்கு லண்டன்தான் அடர்நிறத்தில் தெரிகிறது. அப்படியானால் லண்டன்தான் அதன் ஊரா?

அந்த வரைபடம் ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டியிருக்கும். சனத்தொகையால் வகுக்காமல் எந்தப் பெயரைப் போட்டாலும் பெரும்பாலும் லண்டன் அடர்ந்துதான் தெரியும். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20,000 பேர் வாழும் ஒரு பதிவுப் பிரிவில் அந்தப் பெயரில் 10 பேர் என்றால் பத்தாயிரத்துக்கு 5. 1881 இல் 38 இலட்சம் பேர் வாழ்ந்த லண்டனில் 57 பேர் என்றால் பத்தாயிரத்துக்கு 0.15. ஆட்கள் லண்டனில் அதிகம், பெயரின் வீடு மற்றதுதான். 1890 இல் ஹென்றி கப்பி என்பவர் ஆங்கிலப் பெயர்களின் இருப்பிடங்களைத் தொகுத்தபோது விவசாயிகளை மட்டும் எண்ணினார். வயலை விட்டு எளிதில் போகாதவர் விவசாயி என்பது அவருடைய நியாயம். நெற்காணி வைத்திருக்கும் வன்னி மக்களுக்கு அது சொல்லாமலே விளங்கும்.

இன்னொன்று, எல்லைகள் மாறும். கிறைஸ்ட்சேர்ச் 1974 வரை ஹம்ப்ஷியர் மாவட்டம், அந்த ஏப்ரலிலிருந்து டோர்செற். புதிய வரைபடத்தில் பழைய பெயர்களைக் குறித்தால் ஒரு குடும்பம் முழுவதும் இரவோடிரவாக மாவட்டம் மாறிக் குடிபோனதுபோலத் தெரியும். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்ததை மறந்து பழைய புள்ளிவிபரத்தைப் படிப்பதுபோன்ற பிழை அது.

மல்லாவி வாசகர்: சில ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் அழிந்தேபோகும் என்கிறார்கள். வம்சம் அறுந்தால்தானே பெயர் அழியும்?

வம்சம் அறவேண்டியதில்லை. மகள்கள் மட்டும் பிறந்தாலே போதும், இரத்தம் தொடரும், பெயர் நின்றுவிடும். பிரான்சிஸ் கால்ட்டன், ஹென்றி வாட்சன் என்ற இரண்டு ஆங்கில அறிஞர்கள் 1870களில் இதைக் கணக்காக்கினார்கள். சராசரியாக ஓர் ஆணுக்கு ஒரு மகன் என்றும், சிலருக்கு இரண்டு மூன்று, சிலருக்கு ஒன்றுமில்லை என்று இயல்பாகச் சிதறுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளில் தொடங்கிய பெயர் முதல் தலைமுறையிலேயே அறும் வாய்ப்பு நூற்றுக்கு 37. இரண்டாந் தலைமுறைக்குள் 53, ஐந்தாந் தலைமுறைக்குள் 73, பத்தாந் தலைமுறைக்குள் 84. சனத்தொகை குறையவே இல்லை, ஆனாலும் பெயர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. சிமித் என்றால் கொல்லர். அந்தப் பெயர் பிழைத்ததற்குக் காரணம், ஊருக்கு ஒரு கொல்லர் இருந்ததால் அது ஆயிரம் இடத்தில் தனித்தனியாக முளைத்தது. ட்வைனத்துக்கு ஓரிரு முளைகள்தான்.

இதோடு புலம்பெயர்வும் சேரும். சேர் வில்லியம் ஓய்வுபெற்ற பின்னும் யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்து 1922 இல் காலமானார். எட்வர்ட் ட்வைனம் என்ற மற்றொருவர் அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நில அளவையாளர் நாயகமாக இருந்தார். அவர் பெயரை ஒரு சிகரத்துக்கு வைத்திருக்கிறார்கள். 2190 மீற்றருக்கு மேல் உயரம், அவுஸ்திரேலியப் பெருநிலத்தில் மூன்றாவது உயர்ந்தது. இரண்டு ஆறுகளின் நடுவில், கடல்மட்டத்தோடு கிடந்த ஓர் ஊரின் பெயர் பனிமலை உச்சியில் போய் நிற்கிறது. கடைசி ட்வைனம் மறைந்தாலும் வரைபடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

புதுக்குடியிருப்பு வாசகி: லண்டனில் இருக்கும் என் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. குடும்பப் பெயராக எதைக் கொடுப்பது? மருமகனின் பெயரா, அவருடைய தகப்பனாரின் பெயரா?

அம்மா, இங்கிலாந்துச் சட்டத்தில் இன்ன பெயர்தான் என்ற கட்டாயமில்லை. பதியும் பெற்றோர் சொல்லும் பெயரே பதியப்படும். சிக்கல் பிறகுதான் வரும். நம் முறைப்படி தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். மருமகனின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவருடைய தகப்பன் பெயர் இருக்கும். பேரப்பிள்ளைக்கு மருமகனின் சொந்தப் பெயரைக் கொடுத்தால் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் வேறு வேறு குடும்பப் பெயர் என்று ஆகி, விமான நிலையத்தில் விளக்கம் சொல்லவேண்டி வரலாம். இரண்டில் எதைத் தெரிவுசெய்தாலும் சரி, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பெயர், எல்லாக் கடதாசியிலும் ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டல். "த"வுக்கு ஒரிடத்தில் "ரீ", இன்னோரிடத்தில் "ரீ எச்" என்று விடாதீர்கள். 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதிவில் கையொப்பம் இடுமுன் எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள், பின்னால் திருத்தினாலும் பிழையான முதற்பதிவு அழியாது, திருத்தம் ஓரத்தில்தான் ஏறும்.

செட்டிகுளம் வாசகர்: இலங்கையில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களின் தடயத்தை எங்கே தேடலாம்? இந்தியப் பதிவுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் பிடி இங்கே 1802 இல் முடிந்தது. அதன் பிறகு இலங்கை நேரே முடிக்குரிய குடியேற்றம், ஆகவே அரசாங்கக் கடிதங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், குடியேற்ற அலுவலகத்தின் சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கின்றன. வன்னி மாவட்டங்களுக்குக் கைந்நூல் எழுதிய ஜே. பி. லூயிஸ், 1913 இல் இலங்கையின் கல்லறை எழுத்துகளையும் தொகுத்து அச்சிட்டார். கல் போய்விட்ட இடங்களுக்கு இன்று அந்தத் தொகுப்புத்தான் சாட்சி.

கல் மிஞ்சியிருக்கும் இடத்துக்குப் போவதானால் முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள், கண்ணிவெடி அகற்றி முடித்த காணியா என்று. பற்றைக்குள் தடம் இல்லாத இடத்தில் கால் வைக்க வேண்டாம். கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ குளோரின் ஊற்றவோ கூடாது, எழுத்து பொருக்காக உதிரும். வெறும் தண்ணீரும் மெல்லிய தும்புத் தூரிகையும் போதும். உச்சி வெயிலில் மங்கிய எழுத்து கண்ணுக்குப் படாது. காலை ஏழு மணிக்கு முன், அல்லது மாலை ஐந்துக்குப் பின், வெயில் பக்கவாட்டில் விழும்போது படமெடுங்கள். நிழலில் கிடக்கும் கல் என்றால் ஒருவர் முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைக் கல்லின் விளிம்பிலிருந்து சரித்து விட, எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வரும்.